சிவப்புக் கோடு விழாத பிழைகள்: ஒன்றுபோல் இருக்கும் ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறிய ஒரு வழிகாட்டி

அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வகைப் பிழையிடம் மட்டும் எப்போதும் பயம் உண்டு. கணினி அதைக் காட்டிக்கொடுக்காது. ஆங்கிலத்தில் 'ரிசீவ்' என்று அடிக்கும்போது இ-யையும் ஐ-யையும் இடம் மாற்றிப் போட்டால் உடனே அடியில் சிவப்புக் கோடு விழும், திருத்திவிடலாம். 'பிரின்சிபல்' என்று அடிக்கும்போது கடைசியில் ஏ-எல் வர வேண்டிய இடத்தில் எல்-இ போட்டால் எந்தக் கோடும் விழாது. அதுவும் அகராதியில் உள்ள சொல்தான். ஏ-எல் என்று முடிந்தால் முதல்வர். எல்-இ என்று முடிந்தால் கொள்கை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் நான் இதில் மாட்டினேன். ஒரு பள்ளியின் ஆண்டு விழா அழைப்பிதழ், 500 படிகள். பார்சலைக் கொண்டுபோய் இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்க நின்றுகொண்டிருந்தேன். முதல்வர் அம்மா ஒன்றை எடுத்துப் பிரித்தார். தம் பெயருக்குக் கீழே இருந்த சொல்லில் விரலை வைத்து, "இங்க பாருங்க தம்பி" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அத்தனையையும் மறுபடி அடித்துக் கொடுத்தோம். காகிதத்துக்குப் போன காசு மறந்துவிட்டது, அந்த விரல் நின்ற இடம் மறக்கவில்லை.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். அன்று சாயங்காலமே ஒரு நோட்டு வாங்கி, இப்படிக் குழப்புகிற சொற்களை எழுதிவைக்க ஆரம்பித்தேன். இப்போது ஓடுவது மூன்றாவது நோட்டு. வேலைக்காக மெயில், விண்ணப்பம், பில், நோட்டீஸ் என்று ஆங்கிலத்தில் புதிதாக எழுதத் தொடங்குகிறவர்களுக்குப் பயன்படும் என்று அதிலிருந்து சொல்கிறேன். ஆங்கில எழுத்துகளை அவற்றின் பெயராலேயே குறித்திருக்கிறேன்: 'இ' என்றால் ஆங்கிலத்தின் ஐந்தாம் எழுத்து, 'ஐ' என்றால் ஒன்பதாம் எழுத்து.

கரையும் கறையும் எப்படி மனத்தில் நின்றன?

இந்தக் குழப்பம் நமக்குப் புதிதல்ல. தமிழில் மயங்கொலிச் சொற்கள் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். கரை, கறை. மனம், மணம். இரங்கல், இறங்கல். பேச்சில் நம்மில் பலர் சின்ன 'ர'வையும் பெரிய 'ற'வையும் ஒன்றுபோலத்தான் சொல்கிறோம். ஆனாலும் 'ஆற்றங்கரை' என்று எழுதும்போது கை தடுமாறுவதில்லை. 'வேட்டியில் கறை' என்று எழுதும்போதும் தடுமாறுவதில்லை. பள்ளியில் பட்டியல் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள்தான். ஆனால் அது மனத்தில் நின்றதற்குக் காரணம் வேறு. கரை எப்போதும் ஆற்றோடும் குளத்தோடும் வந்தது. கறை எப்போதும் துணியோடு வந்தது. சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு துணைச் சொல் இருந்தது.

ஆங்கிலச் சொற்களுக்கும் இதே வழிதான். ஒரு சொல்லை அதன் ஜோடியோடு சேர்த்துப் படிக்காதீர்கள், அதன் துணையோடு சேர்த்துப் படியுங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வரும்.

முதல் வேலை: உங்கள் பிழைகளை மட்டும் பொறுக்குங்கள்

கடையில் விற்கிற கையேடுகளில் குழப்பும் சொற்கள் என்று நூற்றுக்கணக்கில் போட்டிருப்பார்கள். அதை முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்ய வேண்டாம். அதில் பாதிச் சொற்களை நீங்கள் வாழ்நாளில் எழுதப்போவதில்லை. கடந்த மூன்று மாதத்தில் நீங்கள் அனுப்பிய மெயில்களையும் வாட்ஸப் செய்திகளையும் எடுத்துப் படியுங்கள். எங்கே தயங்கினீர்கள், எங்கே கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைப் போட்டீர்கள் என்று உங்களுக்கே தெரியும். பத்துப் பன்னிரண்டு ஜோடி தேறும். முதல் பட்டியல் அதுதான், போதும்.

போன் தானாகத் திருத்தியதையும் சேர்த்துப் பாருங்கள். 'டெஃபனெட்லி' என்று, அதாவது நிச்சயமாக என்று எழுதப்போய் எழுத்து ஒன்றிரண்டு பிசகினால், போன் அதை 'டிஃபயன்ட்லி' ஆக்கிவிடுவது உண்டு. அதற்கு எதிர்த்து நின்று, பணிய மறுத்து என்று பொருள். மேலதிகாரிக்கு "நிச்சயமாக வருகிறேன்" என்று அனுப்ப நினைத்தவர், "உங்களை எதிர்த்து வருகிறேன்" என்று அனுப்பியிருப்பார்.

இரண்டாவது: ஒரு நாளைக்கு ஒரு சொல்

புதிதாகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் செய்கிற தவறு, ஜோடியை ஒரே மூச்சில் படிப்பது. 'அக்செப்ட்' என்றால் ஏற்றுக்கொள், 'எக்ஸெப்ட்' என்றால் தவிர என்று ஒரே வரியில் எழுதி பத்து முறை சொல்வார்கள். மறுநாள் எது எது என்று மாறிவிடும். புதிதாகப் பார்க்கிற இரட்டைப் பிள்ளைகளை ஒரே நேரத்தில் அறிமுகம் செய்தால் யார் பெரியவன் என்று குழம்புகிறோம் இல்லையா, அதேதான். ஒருவனோடு ஒரு வாரம் பழகிவிட்டால் அடுத்தவனைப் பார்க்கும்போது, "இவன் அவனில்லை" என்று தானாகத் தெரியும்.

எனவே ஜோடியில் நீங்கள் அதிகம் எழுதுகிற சொல்லை முதலில் எடுங்கள். அலுவலக வேலைக்கு அது 'அக்செப்ட்'. ஏ-யில் தொடங்கும், நடுவில் இரண்டு சி. அதன் துணை: ஆர்டரை ஏற்பது, ராஜினாமாவை ஏற்பது, அழைப்பை ஏற்பது. மூன்று வாக்கியம் உங்கள் வேலையிலிருந்தே எழுதுங்கள். ஒரு வாரம் போகட்டும். அப்புறம் 'எக்ஸெப்ட்'. அதன் துணை: "ஞாயிறு தவிர எல்லா நாளும்." கடைக்கதவில் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

மூன்றாவது: என்ன உறவு என்று கேளுங்கள்

இது கொஞ்சம் நீளமாகப் போகும். ஒன்றுபோல் இருக்கிற எல்லா ஜோடிகளும் ஒரே காரணத்தால் அப்படி இருப்பதில்லை. சில ஒரே சொல்லின் பெயர் வடிவமும் வினை வடிவமும். சில ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், பிற்பாடு பிரிந்து போனவை. சில ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாதவை, முகம் மட்டும் ஒத்துப்போனது. உறவு தெரிந்தால் எந்த எழுத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டும் என்பது தெரியும்.

பெயரும் வினையும். 'அட்வைஸ்' என்பதில் சி வந்தால் அறிவுரை என்ற பெயர்ச்சொல், எஸ் வந்தால் அறிவுரை சொல் என்ற வினைச்சொல். 'டிவைஸ்' அதே மாதிரி: சி வந்தால் கருவி, எஸ் வந்தால் வகுத்தல், திட்டமிடுதல். இதில் தமிழருக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஆங்கிலேயர் காதில் இந்த இரண்டும் வேறு வேறு ஒலி. பெயர்ச்சொல் 'ஸ்' என்று முடியும். வினைச்சொல் இசட் எழுத்தின் ஒலியில் முடியும். நம் எழுத்தில் அந்த இரண்டாவது ஒலிக்கு இடமில்லை, பேச்சிலும் இல்லை, அதனால் நமக்கு இரண்டும் 'அட்வைஸ்' என்றே கேட்கிறது. காது உதவாத இடத்தில் கை தடுமாறுகிறது.

இதற்கு ஒரு பயிற்சி. தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு பாம்பு சீறுவதுபோல் 'ஸ்ஸ்ஸ்' என்று சொல்லுங்கள். விரலுக்கு ஒன்றும் தெரியாது. இப்போது வாயை அப்படியே வைத்துக்கொண்டு வண்டு ரீங்காரம் செய்வதுபோல் ஒலியெழுப்புங்கள். விரலுக்கு அடியில் அதிரும். அதிர்ந்தால் வினைச்சொல், எஸ் போடுங்கள். அதிராவிட்டால் பெயர்ச்சொல், சி போடுங்கள். நாலு நாள் செய்தால் காது பிடித்துக்கொள்ளும்.

இந்த அதிர்வு வேறு இடங்களிலும் வரும். 'ப்ரூஃப்' பெயர், 'ப்ரூவ்' வினை. 'பிலீஃப்' பெயர், 'பிலீவ்' வினை. 'ப்ரெத்' என்றால் மூச்சு, கடைசியில் இ சேர்ந்து 'ப்ரீத்' ஆனால் மூச்சு விடு. 'பாத்', 'கிளாத்' இரண்டுக்கும் அப்படியே: இ சேர்ந்தால் வினை. ஒரு விதியைப் பிடித்தால் ஏழெட்டுச் சொற்கள் கையில் வந்துவிடும்.

'லைசென்ஸ்', 'ப்ராக்டிஸ்' இரண்டிலும் மட்டும் ஒலி மாறாது, எழுத்து மட்டும் மாறும். பிரிட்டிஷ் எழுத்துமுறையில் பெயர்ச்சொல்லுக்கு சி, வினைக்கு எஸ். நம் நாட்டில் இந்த முறைதான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் ஓட்டுநர் உரிமம் சி போட்டே எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் வழக்கம் வேறு. லைசென்ஸ் எப்போதும் எஸ், ப்ராக்டிஸ் எப்போதும் சி, பெயரோ வினையோ பார்ப்பதில்லை. அமெரிக்க எழுத்துமுறை தனியாகப் பிரிந்ததில் நோவா வெப்ஸ்டர் 1828-ல் வெளியிட்ட அகராதிக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரே கடிதத்தில் இரண்டு முறையையும் கலக்காமல் இருந்தால் சரி. கணினியில் மொழித் தேர்வை இந்திய ஆங்கிலம் என்று மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

'லூஸ்' பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதிலும் அதே அதிர்வுதான் பிரச்சினை. ஒரு ஓ போட்டால் இழத்தல், தொலைத்தல், தோற்றல். இரண்டு ஓ போட்டால் தளர்வான. "நம்பிக்கையை இழக்காதே" என்று எழுதப்போய் இரண்டு ஓ போட்டவர்களை நான் எண்ணி முடியாது. தமிழரான நமக்கு இதற்கு ஒரு சுலப வழி இருக்கிறது. 'போல்ட் லூஸ் ஆயிடுச்சு', 'சட்டை லூஸா இருக்கு' என்று தமிழ்ப் பேச்சில் நாம் சொல்கிற லூஸ் எப்போதும் இரண்டு ஓ-தான். தமிழில் அந்தச் சொல்லை அப்படியே போட்டுச் சொல்ல முடிந்தால் இரண்டு ஓ. தொலைந்தது, இழந்தது என்றுதான் சொல்ல வரும் என்றால் ஒரு ஓ.

ஒரு தாய் பிள்ளைகள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. முதலில் என்னை மாட்டிவிட்ட 'பிரின்சிபல்'. இரண்டுக்கும் வேர் 'முதலிடம் பிடிப்பவர்' என்ற பொருளுள்ள ஒரு லத்தீன் சொல். ஒரு பிள்ளை முதன்மையான ஆள், முதன்மையான பொருள் என்று போயிற்று. இன்னொரு பிள்ளை ஒரு விஷயத்துக்கு ஆதியாக, அடிப்படையாக இருக்கிற கருத்து என்று போயிற்று. இப்போது தமிழைப் பாருங்கள். கல்லூரித் தலைவரை நாம் என்ன சொல்கிறோம்? முதல்வர். கடனில் வட்டி நீங்கலான தொகையை? முதல். ஆங்கிலத்திலும் கல்லூரித் தலைவருக்கும் கடன் அசலுக்கும் ஒரே சொல்தான், ஏ-எல் என்று முடிகிற பிரின்சிபல். 'முக்கியமான' என்ற பொருளில் வருவதும் அதுவே. தமிழில் 'முதல்' என்ற சொல்லை வைத்துச் சொல்ல முடிந்தால் ஏ-எல். கொள்கை, நெறி, தத்துவம் என்றால் எல்-இ. ஆர்க்கிமிடீஸ் தத்துவம் எல்-இ, வங்கிப் பாஸ்புக்கில் வருவது ஏ-எல். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து எனக்கு இந்தச் சொல்லில் சந்தேகமே வந்ததில்லை.

அடுத்தது 'ஸ்டேஷனரி'. ஆர்-க்கு முன்னால் ஏ வந்தால் நகராமல் நிற்கிற. இ வந்தால் பேனா, பேப்பர், கவர். சம்பந்தமில்லாதவை போலத் தெரிந்தாலும் இவையும் கூடப் பிறந்தவைதான். இடைக்காலத்தில் ஐரோப்பாவில் வியாபாரிகளில் பலர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றவர்கள். புத்தகம் விற்கிறவரோ ஓரிடத்தில் நிலையாகக் கடை போட்டு உட்கார்ந்தார். நிலையாக நின்றதால் அவருக்கு 'ஸ்டேஷனர்' என்று பெயர் வந்தது. லண்டனில் அவர்களுடைய சங்கம் 1403-ல் உருவானது, 1557-ல் அரச சாசனம் பெற்றது. ஸ்டேஷனர் விற்கிற பொருள் ஸ்டேஷனரி. பேக்கர் செய்கிற இடம் பேக்கரி, குரோசர் விற்பது குரோசரி, இரண்டிலும் நடுவில் இ-ஆர் இருப்பதைப் பாருங்கள். ஸ்டேஷனரும் அந்த வரிசைதான், அதனால் காகிதச் சாமானுக்கு இ. நின்றுகொண்டிருந்த வண்டியில் மோதியது என்று இன்சூரன்ஸ் படிவத்தில் எழுதும்போது ஏ.

'காம்ப்ளிமெண்ட்' அச்சகத்தில் தினமும் வருகிற சொல். கோயில் விழா மலர், பள்ளி மலர் எதை எடுத்தாலும் விளம்பரப் பக்கங்களில் தலைப்பாக 'வித் பெஸ்ட் காம்ப்ளிமெண்ட்ஸ் ஃப்ரம்' என்று இருக்கும். அது நல்வாழ்த்து, பாராட்டு, மரியாதை. நடுவில் ஐ. இலவசமாகத் தருகிற பிரதியைக் குறிக்கும் 'காம்ப்ளிமெண்டரி காப்பி'யும் ஐ-தான். நடுவில் இ போட்டால் ஒன்றை நிறைவு செய்வது, ஈடுகட்டிச் சேர்வது. கணக்குப் பாடத்தில் நிரப்புக் கோணங்கள் என்று படித்தோமே, கூட்டினால் 90 பாகை வரும், அதற்கு ஆங்கிலப் பெயர் இந்த இ போட்ட சொல்தான். நிரப்புவது என்றால் இ, வாழ்த்துவது என்றால் ஐ.

இந்த வகையில் இன்னும் சில: 'தென்', 'தேன்' என்று நாம் உச்சரிக்கிற, அப்புறம் என்ற சொல்லும் ஒப்பிட்டுச் சொல்லும் 'விட' என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் ஒன்றாக இருந்தவை. இப்போது இ போட்டால் அப்புறம், ஏ போட்டால் 'விட'. 'ஃப்ளவர்' என்று ஒலிக்கிற மாவும் பூவும் ஒரே சொல்லாக இருந்தவைதான். தானியத்தின் சிறந்த பகுதியைப் பூ என்று சொல்லப்போய் மாவுக்கு அந்தப் பெயர் வந்தது. 'டிஸ்க்ரீட்' என்பதில் இரண்டு இ-க்கும் நடுவில் டி நின்று பிரித்தால் தனித்தனியான என்று பொருள், பொறியியல் மாணவர்கள் படிக்கிற கணிதத்தில் வருவது இது. இரண்டு இ-யும் ஒட்டி நின்றால் அடக்கமாக, வெளியே தெரியாமல் நடந்துகொள்கிற.

'அஃபெக்ட்', 'எஃபெக்ட்' பற்றித் தனியாக ஒரு பத்தி எழுதியே ஆக வேண்டும். ஏ போட்டது பெரும்பாலும் வினை: பாதிக்கிறது. இ போட்டது பெரும்பாலும் பெயர்: விளைவு. 'சைடு எஃபெக்ட்' என்று தமிழிலேயே சொல்கிறோம், அது இ. ஆனால் தமிழ் வழியாக யோசிக்கிறவர்களுக்கு இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 'பாதிப்பு' என்று பெயர்ச்சொல்லாக நினைத்தால், பாதிக்கிறது என்பது ஏ ஆயிற்றே என்று ஏ போட்டுவிடுவோம். "மழையின் பாதிப்பு அதிகம்" என்பதற்கு ஆங்கிலத்தில் இ-தான் வர வேண்டும். அதனால் வாக்கியத்தைத் தமிழில் வைத்து, அந்த இடத்தில் 'பாதித்தது, பாதிக்கும்' என்று காலம் காட்டும் வினை வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வந்தால் ஏ. விதிவிலக்கு இரண்டு உண்டு. ஒரு மாற்றத்தைக் கொண்டுவருதல், நிறைவேற்றுதல் என்ற பொருளில் இ போட்ட சொல் வினையாக வரும். மனநல மருத்துவர்கள் உணர்ச்சி வெளிப்பாட்டைக் குறிக்க ஏ போட்டதைப் பெயராகப் பயன்படுத்துவார்கள். படிக்கும்போது அடையாளம் தெரிந்தால் போதும், எழுத ஆரம்பிக்கிறவர்களுக்கு இந்த இரண்டும் தேவைப்படாது.

முகம் மட்டும் ஒத்தவை. இவற்றுக்கு விதி கிடையாது, ஒரு ஞாபகக் குறி போதும். 'டைரி'யில் ஐ முன்னால், ஏ பின்னால். 'டெய்ரி'யில் ஏ முன்னால், ஐ பின்னால். டைரி, 'நாள்' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பால் பண்ணையைக் குறிக்கும் டெய்ரி, பண்ணையில் வேலை பார்த்த பெண்ணைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆங்கிலத்தில் ஐ என்றால் 'நான்'. நான் எழுதுவது டைரி, அதனால் ஐ முன்னால்.

'டெசர்ட்' ஒரு எஸ் என்றால் பாலைவனம், இரண்டு எஸ் என்றால் சாப்பாடு முடிந்தபின் வருகிற இனிப்பு. பிரெஞ்சு மொழியில் மேசையிலிருந்து பாத்திரங்களை எடுத்துவிடுவதைக் குறிக்கும் வினையிலிருந்து அந்தப் பெயர் வந்தது. எல்லாவற்றையும் எடுத்தபிறகுதான் அவர்களுக்கு இனிப்பு. நம் பந்தியில் இலை விரித்ததும் முதலில் வைப்பதே இனிப்பு என்பதால், கடைசியில் வரும் இனிப்புக்குத் தனிச் சொல் நமக்கு இல்லாமல் போனதில் வியப்பில்லை. பேச்சில் பாலைவனத்துக்கு முதல் அசையை அழுத்திச் சொல்ல வேண்டும், இனிப்புக்கு இரண்டாவது அசையை. தமிழில் இப்படி அழுத்தம் மாறிப் பொருள் மாறுவதில்லை, அதனால் நாம் இதைக் கவனிப்பதும் இல்லை. 'பெர்சனல்' முதல் அசையில் அழுத்தினால் சொந்த, கடைசி அசையில் அழுத்தி இரண்டு என் போட்டால் பணியாளர்கள். 'மாரல்' முதலில் அழுத்தினால் ஒழுக்கம் சார்ந்த, கடைசியில் இ சேர்த்து இரண்டாம் அசையை அழுத்தினால் குழுவின் மன உறுதி.

வால் மாறுகிறவை சில உண்டு. 'எகனாமிக்' பொருளாதார, 'எகனாமிக்கல்' சிக்கனமான. 'ஹிஸ்டாரிக்' வரலாற்றில் இடம்பெறத்தக்க, 'ஹிஸ்டாரிக்கல்' வரலாறு சார்ந்த. இவற்றைத் துணைச் சொல்லோடு இரண்டு முறை எழுதினால் முடிந்தது.

தலை மாறுகிறவற்றில் மட்டும் அவசரப்படாதீர்கள். என் அத்தைக்குப் பல வருடமாகச் சுகர். ஒருமுறை மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். கூட்டிவரப் போனது வேறொருவர். வீட்டில் ஆங்கிலம் படிப்பவன் என்று தாளை என்னிடம் கொடுத்தார்கள். ஹைப்போகிளைசீமியா என்று இருந்தது. நான் அதை ஹைப்பர் என்று எடுத்துக்கொண்டு, "சுகர் கூடிடுச்சு" என்று சொல்லிவிட்டேன். மாமா அன்றிலிருந்து அத்தைக்கு இரண்டு இட்லியை ஒன்றாகக் குறைத்தார். மூன்றாம் நாள் மருந்து வாங்கப் போனபோது கடையில் இருந்த பெண் தாளைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது குறைஞ்சு போனது. வேளைக்குச் சாப்பாடு கொடுங்க" என்றார். ஓடிவந்து சொன்னேன். அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டும் கிரேக்க முன்னொட்டுகள். ஹைப்பர் என்றால் மேலே, மிகுதி. பெரிய கடையை ஹைப்பர்மார்க்கெட் என்கிறோமே, அந்த ஹைப்பர். ஹைப்போ என்றால் கீழே, குறைவு. ஆங்கிலத்தில் குறைவைச் சொல்லும் 'லோ'வும் 'ஹைப்போ'வும் ஒரே ஓசையில் முடிகின்றன, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஹைப்போ என்கிறார்கள். அப்போது உடனே இனிப்பு தேவை. ஹைப்பர் என்றால் நேர் எதிர். ரத்த அழுத்தத்துக்கும் இதே இரண்டு தலைதான். வீட்டில் யாருக்காவது சுகரோ பிரஷரோ இருந்தால், இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். தாளில் சந்தேகம் இருந்தால் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

மருந்துப் பெயர்களிலும் இந்த ஆபத்து உண்டு. அமெரிக்காவில் லோசெக் என்ற வயிற்று அமில மருந்தும், லாசிக்ஸ் என்ற சிறுநீர் பிரிக்கும் மருந்தும் எழுத்தில் ஒன்றுபோல் தெரிந்து குழப்பியதால் 1990-ல் முதலாவதன் பெயரையே பிரிலோசெக் என்று மாற்றினார்கள். நர்சிங் படிக்கிறவர்கள் 'இலியம்' என்ற சொல்லைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: நடுவில் இ வந்தால் சிறுகுடலின் கடைப்பகுதி, ஐ வந்தால் இடுப்பெலும்பின் மேல்பகுதி. சொன்னால் ஒன்றுபோலவே கேட்கும்.

நாலாவது: நோட்டில் எப்படி எழுதுவது

ஒரு பக்கத்துக்கு ஒரு சொல். மேலே சொல். பிரிக்கிற எழுத்தை மட்டும் சிவப்புப் பேனாவில் எழுதுங்கள். கீழே தமிழில் பொருள், ஒரே வார்த்தையில். அதற்குக் கீழே உங்கள் வேலையில் வருகிற மூன்று வாக்கியம். அகராதியில் உள்ள வாக்கியத்தைப் பார்த்து எழுத வேண்டாம், அது உங்கள் வாக்கியம் இல்லை. துணிக்கடையில் வேலை பார்ப்பவர் துணியை வைத்து எழுதட்டும், வங்கியில் இருப்பவர் அசலை வைத்து எழுதட்டும். ஜோடிச் சொல்லுக்கு வேறொரு பக்கம், ஒரு வாரம் கழித்து. பக்கத்துப் பக்கமாக வைக்காமல் நாலைந்து பக்கம் தள்ளி எழுதுங்கள்.

ஐந்தாவது: அனுப்பும் முன் ஒரு தேடல்

எழுதும்போதே எல்லாவற்றையும் கவனிக்க முடியாது. எழுதி முடியுங்கள். பிறகு கண்ட்ரோல் விசையோடு எஃப் அழுத்தி, உங்கள் பட்டியலில் உள்ள சொற்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ஜோடியில் இரண்டையுமே தேட வேண்டும், ஏனென்றால் எதை மாற்றிப் போட்டீர்கள் என்று தெரியாது. நிற்கிற இடத்தில் தமிழ்ப் பொருளை வைத்து வாக்கியத்தை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பன்னிரண்டு ஜோடிக்கு ஐந்து நிமிடம் ஆகாது. 'இட்ஸ்' என்ற சொல்லையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்: மேலே குறி இருந்தால் 'அது இருக்கிறது', இல்லாவிட்டால் 'அதன்'.

இப்போது சில மென்பொருள்கள் பொருளையும் பார்த்து நீலக் கோடு போடுகின்றன. உதவிதான், ஆனால் சிலதைப் பிடிக்கும், சிலதை விட்டுவிடும். முக்கியமான தாள் என்றால் அச்செடுத்து, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். மேலிருந்து படித்தால் பொருள் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும், எழுத்து கண்ணில் படாது. கீழிருந்து படித்தால் ஒவ்வொரு சொல்லும் தனியாக நிற்கும். ப்ரூஃப் பார்க்கிறவர்கள் காலங்காலமாகச் செய்வது இது.

தேடிப் பார்த்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் வாக்கியத்தை மாற்றிவிடுங்கள். எஃபெக்டா அஃபெக்டா என்று தெரியாத இடத்தில் 'ரிசல்ட்' போடலாம், 'சேஞ்ச்' போடலாம். காம்ப்ளிமெண்டரி என்பதற்கு 'ஃப்ரீ' போதும். பிரின்சிபல் அமவுண்ட் என்பதற்கு 'லோன் அமவுண்ட்' பல இடத்தில் பொருந்தும். ஆனால் ஒருவருடைய பதவிப் பெயரை அப்படி மாற்ற முடியாது. அந்த இடத்தில் மட்டும் நான் இன்றைக்கும் வாடிக்கையாளருக்குப் போன் போட்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் பிளேட்டுக்கு அனுப்புகிறேன்.